பழசாக்கும் வேலை

காரிமங்கலத்துக்கு வெளியே, கிருஷ்ணகிரி போகிற நெடுஞ்சாலை ஓரம், தகரக் கூரை போட்ட ஒரு மரப்பட்டறையில் பாலிஷ் வேலை பார்க்கிறேன். மரவேலை ஆசாரிமார் கையில் இருக்கிறது, அது பரம்பரை. பாலிஷுக்கு அப்படி யாரும் உரிமை கொண்டாடி வந்ததில்லை. தின்னர் வாடையும் எமரித் தூசியும் யாருக்குப் பரம்பரையாக வேணும்? அதனால்தான் அது எங்களுக்கு மிஞ்சியது. தொண்ணூறுகளில் எங்கள் தெருவிலிருந்து பெங்களூருக்கு பஸ் ஏறிய பையன்களில் பாதிப் பேர் பெயிண்ட், பாலிஷ், சென்ட்ரிங் என்றுதான் போனோம். நான் அங்கே கற்றுக்கொண்ட வேலையை இங்கே வந்து செய்கிறேன்.

சில மாதங்களுக்கு முன் பெங்களூரிலிருந்து ஒருவர் காரில் வந்தார். பூர்வீகம் இந்தப் பக்கம்தானாம், தாத்தா காலத்தோடு நிலத்தை விற்றுவிட்டுப் போன குடும்பம். எட்டடிக்கு மூன்றரை அடி சாப்பாட்டு மேசை வேண்டும். ஆசாரியிடம் அளவு பேசி முடித்து என் பக்கம் திரும்பினார். “மேஸ்திரி, பார்த்தா புதுசுன்னு தெரியக் கூடாது. ரஸ்டிக்கா இருக்கணும். எங்க தாத்தா வீட்ல ஒரு மேசை இருந்துச்சு, அந்த மாதிரி.” செல்போனில் ஒரு படம் காட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரத்துண்டும் கொடுத்தார், ஏதோ கடையிலிருந்து வாங்கி வந்த சாம்பிள். பழுப்பும் சாம்பலும் கலந்த நிறம், ஓரம் தேய்ந்து, அங்கங்கே பூச்சி அரித்த பொட்டு.

இதை எழுதக் காரணம் அந்த மேசை. ‘ஒரு மேசைக்கு நாலு பக்கமா?’ என்று தோழர்கள் சலித்துக்கொள்ளக் கூடும். தலித் அழகியல் பற்றி எத்தனையோ கட்டுரை படித்துவிட்டோம். கை வேலையிலிருந்து அந்தக் கேள்வி எப்படிக் கிளம்புகிறது என்று கொஞ்சம் பார்ப்போமே.

முதலில் வேலை. நிறம் ஒத்துப்போக வைப்பது லேசான காரியம் அல்ல. அவர் கொடுத்த துண்டு தேக்கு, எங்களிடம் இருந்ததோ மா. காய்ப்பு ஓய்ந்து வெட்டிய தோப்பு மரம், எங்கள் பக்கத்தில் அதற்கா பஞ்சம்? ஒரே டப்பாவிலிருந்து ஒரே சாயத்தைத் தொட்டு இரண்டிலும் தடவினால் இரண்டு நிறம் வரும். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு. மா உறிஞ்சும், அதுவும் ஒரே மாதிரி உறிஞ்சாது, திட்டுத் திட்டாய்க் குடிக்கும். 120 எமரியில் விட்ட இடம் கருப்படிக்கும், 220 வரை இழைத்த இடம் வெளுத்து நிற்கும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம், மேலே சீலர் ஏறினால் இன்னொன்று. பட்டறை டியூப்லைட்டில் சரியாய்த் தெரிந்தது அவர் வீட்டு மஞ்சள் விளக்கில் சிவந்துபோகும். ஆகவே மேசை செய்த அதே மரத்தின் வெட்டுத்துண்டில்தான் சாம்பிள் போட வேண்டும், கடைசிப் பூச்சு வரைக்கும் போட்டு, வெயிலில் ஒரு தரம், விளக்கில் ஒரு தரம் காட்டி, பின்பக்கம் அவர் கையெழுத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். பேச்சை நம்பி முழு மேசையில் கை வைத்தவன் கூலியைத் தொலைப்பான். (நான் தொலைத்திருக்கிறேன்.)

நாலு பலகை போட்டேன். நாலையும் பார்த்துவிட்டு, “நல்லாருக்கு, ஆனா இன்னும் வாழ்ந்த மாதிரி இல்லையே” என்றார்.

வாழ்ந்த மாதிரி. வீட்டுக்குப் போன பிறகும் அந்த வார்த்தை காதில் நின்றது. யார் வாழ்ந்த மாதிரி?

‘ரஸ்டிக்’ என்றால் லத்தீனில் நாட்டுப்புறம் சார்ந்தது, கிராமத்தானுடையது. மனுசனைப் பார்த்து அதையே தமிழில் ‘பட்டிக்காடு’ என்று சொன்னால் வசவு. மேசையைப் பார்த்துச் சொன்னால் விலை கூடுகிறது. கிராமத்தைவிட்டு வெளியேறி, அதிலிருந்து எதுவும் தன்னைத் தொடாத தூரத்துக்குப் போய்விட்டவனுக்குத்தான் கிராமம் நிறமாகத் தெரியும். 1783-இல் பிரெஞ்சு ராணி மாரி அந்துவானெத்துக்கு வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் ஒரு விளையாட்டுக் கிராமம் கட்டத் தொடங்கினார்கள். குடிசை, ஆலை, பால்பண்ணை எல்லாம் உண்டு. புதுச் சுவர் பழையதாய்த் தெரிய வேண்டும் என்று ஓவியர்களை வைத்து விரிசல்களை வரைந்தார்கள். பழுதாய்ப்போன செங்கல்லையும் தேய்ந்த மரத்தையும் தூரிகையில் தீட்டினார்கள். அதே நாட்டில் விரிசல் விட்ட நிஜச் சுவருக்குள் கிடந்தவர்கள் 1789-இல் என்ன செய்தார்கள் என்பது வேறு கதை. எனக்கு அந்த ஓவியர்கள்மேல்தான் கவனம். அவர்களில் எத்தனை பேர் வேலை முடிந்து விரிசல் விட்ட வீட்டுக்குத் திரும்பிப் போயிருப்பார்கள்?

நம் நாட்டில் கிராமத்தை வர்ணம் பூசிக் காட்டியது ராணிகள் மட்டுமா? கிராமக் குடியரசு, கிராமத் தன்னிறைவு என்று எவ்வளவு பேச்சு! 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எழுந்து, இந்தக் கிராமம் குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் தேங்கிக் கிடக்கிற இடம்தானே, இதில் பெருமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டார். அவர் கிராமத்தைத் தெரியாமல் பேசவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளோடு உட்கார முடியாமல், வீட்டிலிருந்து கோணிச்சாக்கு கொண்டுபோய், அதை விரித்துத் தனியாக உட்கார்ந்து, சாயங்காலம் திரும்ப வீட்டுக்கே எடுத்துவந்தவர் அவர். அந்தச் சாக்கைத் தொட்டுக் கூட்டிப் பெருக்க ஆள் கிடையாது.

மரம் எப்படிப் பழசாகிறது என்று நினைத்துப் பாருங்கள். மழையும் வெயிலும் ஒரு பங்கு. மிச்சம் மனுச உடம்பு. உட்கார்ந்து உட்கார்ந்து, முழங்கை ஊன்றி ஊன்றி, வியர்வையும் எண்ணெயும் ஏறித்தான் அந்த மினுமினுப்பு வருகிறது. நான் சின்னப் பையனாய் இருந்தபோது எங்கள் ஊர் டீக்கடை முன்னால் ஒரு புளியம்பலகை பெஞ்சு கிடந்தது. நடுவில் குழிந்து கண்ணாடி மாதிரி வழுவழுவென்று இருக்கும். தொட்டுப் பார்த்ததில்லை. எங்கப்பா தனி டம்ளரை எடுத்துக் கழுவி, குத்துக்காலிட்டுத் தரையில் உட்கார்ந்து குடிப்பார். நான் பக்கத்தில் நின்று அந்தப் பெஞ்சைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த மினுமினுப்பில் எங்கள் தெருவின் உடம்பு ஒன்றுகூடச் சேரவில்லை. அதாவது பழமையிலும் சாதி இருக்கிறது. இன்று ஒரு கலைப்பொருள் வியாபாரி அந்தப் பெஞ்சைப் பார்த்தால் ‘ஊரே உட்கார்ந்த பெஞ்சு’ என்று சொல்லி விற்பான். ‘ஊர்’ உட்கார்ந்ததுதான், அதில் பொய் இல்லை. சேரி உட்காரவில்லை.

எங்கள் வீட்டில் மேசை கிடையாது. தேய வேண்டுமானால் ஒரு பொருள் முதலில் இருக்க வேண்டும், அப்புறம் அது ரெண்டு தலைமுறை கைவிட்டுப் போகாமல் நிலைக்க வேண்டும். எங்களிடம் தேய்ந்து மிஞ்சியது அவ்வாவின் உலக்கை ஒன்றுதான். கைபிடிக்கிற இடத்தில் இடுப்பு மாதிரி ஒடுங்கியிருக்கும்.

இனி பொய் என்கிற விஷயத்துக்கு வருகிறேன். புது மரத்தைப் பழசாய்க் காட்டுவது ஏமாற்றா? இந்த வாடிக்கையாளர் விஷயத்தில் இல்லை என்றே சொல்வேன். மேசை புதுசு என்று அவருக்குத் தெரியும், பணம் கொடுப்பதே அதற்காகத்தான். நாடகத்தில் ராஜா வேஷம் கட்டுகிறவனை யாரும் மோசடி என்று பிடிப்பதில்லை. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளை இடித்த மரச்சாமான் விற்கிறார்கள், பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் கிடைக்கும். அவை நிஜப் பழசு. அந்த ரகத்தைப் பார்த்து, நேற்று இழைத்த கதவைப் புகையேற்றி ‘நூறு வருசத்துச் சாமான்’ என்று யாராவது விற்றால் அது திருட்டு. அந்த மாதிரி வேலை ஒருமுறை என்னிடம் வந்தது, வேண்டாம் என்றேன். இதுவரை சங்கடம் இல்லை, கோடு தெளிவாகத்தான் இருக்கிறது.

சங்கடம் வேறு இடத்தில் வந்தது.

அவர் கேட்ட சாம்பல் பழுப்பு கடைச் சாயத்தில் வராது என்று நாலாவது பலகையோடு தெரிந்துவிட்டது. அது மேலே பூசுகிற நிறம் இல்லை, மரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும். வழி ஒன்று உண்டு. துருப்பிடித்த ஆணிகளை வினிகரில் நாலைந்து நாள் ஊறப்போட்டால் இரும்பு கரைந்து ஒரு காடி கிடைக்கும். அதை மரத்தில் தடவினால், மரத்திலுள்ள துவர்ப்போடு, அதாவது டானினோடு சேர்ந்து சில நிமிசத்தில் சாம்பலாய், கருப்பாய்த் திரும்பும். மழையில் கிடந்த வேலிக்கட்டையில் ஆணியைச் சுற்றிக் கருப்புக் கறை இருக்குமே, அதே சங்கதி. மாமரத்தில் துவர்ப்பு கம்மி. அதனால் முதலில் கடுக்காயைத் தட்டிக் கொதிக்கவைத்து அந்தத் தண்ணியைப் பூசிக் காயவிட வேண்டும். பிறகு இரும்புக் காடி. நாட்டு மருந்துக் கடையில் கால் கிலோ கடுக்காய் வாங்கிவந்து கொதிக்கவைத்தேன்.

வாடை கிளம்பியதும் கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டேன். எங்கள் தாத்தாவின் வாடை அது.

தாத்தா தோல் பதனிட்டவர். கவலை இறைத்த காலத்தில் சாலின் தோல் வால் தைத்துக் கொடுத்தவர், செருப்புத் தைத்தவர். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறுகிற தொட்டி வீட்டுக்குப் பின்னால் இருந்தது. துவர்ப்பு ஏறிய தோலில் இரும்புத் தண்ணி பட்டால் கருத்துவிடும். அவர் கத்தி பிடித்த விரல்கள் சாகிறவரை அந்தக் கருப்பில்தான் இருந்தன. சோப்புப் போட்டாலும் சீயக்காய் போட்டாலும் போகாது. ஏனென்றால் அது அழுக்கே இல்லை, சாயம். அந்தக் கையைப் பார்த்துத்தான் எங்கள் தெருவைத் தள்ளி வைத்தார்கள். அந்த வாடையைச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்தில் என்னைக் கடைசிப் பக்கம் உட்கார வைத்தார்கள். அப்பா அந்தத் தொட்டியை மூடி மண்ணைப் போட்டு, “இந்த வாடை இனி என் புள்ளைங்க மேல அடிக்கக் கூடாது” என்றார். கூலிக்குப் போனார்.

இப்போது அதே கடுக்காய், அதே இரும்பு, அதே கருப்பு. தோலுக்குப் பதில் மாம்பலகை. பெங்களூரில் அதற்குப் பெயர் ரஸ்டிக் ஃபினிஷ்.

இதில் நான் கோபப்பட வேண்டுமா, சந்தோசப்பட வேண்டுமா? தெரியவில்லை. ஒரு மனசு சொல்கிறது: எங்கள் அறிவு, தீட்டு என்று ஒதுக்கப்பட்ட ரசாயனம், இன்று சாப்பாட்டு மேசைக்கே ஏறிவிட்டது, இது வெற்றிதானே? இன்னொரு மனசு கேட்கிறது: மேசைதான் ஏறியது, தாத்தா ஏறினாரா? கறை கையில் இருந்தபோது மனுசனைத் தள்ளிவைத்தவர்கள், கையை விட்டுவிட்டுக் கறையை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். ஜப்பானில் பதினாறாம் நூற்றாண்டிலேயே சென் நோ ரிக்யூ என்ற தேநீர்ச் சடங்கு ஆசான், குடியானவர் வீட்டுச் சாமான்களின் எளிமையை பிரபுக்களின் ரசனைக்குள் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறேன். பொருள் உள்ளே போவதற்கு எப்போதும் கதவு கொஞ்சம் அகலமாய்த்தான் திறக்கிறது.

ஐந்தாவது பலகை ஒத்துப்போனது. படத்தைப் பார்த்ததும், “இதுதான், இதேதான்” என்று போனில் கத்தினார். கையெழுத்து வாங்கினேன். முழு மேசைக்கும் கடுக்காய் பூசி, காடி பூசி, சங்கிலியால் அடித்துக் காயம் போட்டு, ஊசியால் பூச்சித்துளை வைத்து, ஓரங்களை அரத்தால் தேய்த்து உருட்டினேன். எங்கே முழங்கை படும், எங்கே குழந்தை தட்டும் என்று யோசித்து அங்கங்கே தேய்க்க வேண்டும், எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்த்தால் பொய் தெரிந்துவிடும். மூன்று நாளில் அறுபது வருசத்துக் குடும்பம் ஒன்றை அந்த மேசையைச் சுற்றி உட்காரவைத்து எழுப்பினேன்.

அப்புறம்தான் அவர் இன்னொரு படம் அனுப்பினார். கால்கள் மட்டும் எரித்த மாதிரி வேணும். ஜப்பானில் சுகி பலகையைத் தீயில் வாட்டி வீட்டுச் சுவருக்கு அடிப்பார்கள், மழைக்கும் பூச்சிக்கும் தாங்கும். அது அவர்கள் குடும்பம் காக்கிற முறை. இப்போது உலகம் முழுக்க ஸ்டைல் ஆகிவிட்டது. ஊதுவிளக்கை வைத்து மரத்தைக் கருக்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் ரேகை மேலெழும்பி நிற்கும்.

படத்தில் கரி பிளந்து முதலைத் தோல் மாதிரி இருந்தது. அதை நான் முன்னமே பார்த்திருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில், 2012 நவம்பரில்.

நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி. நாயக்கன்கொட்டாயைச் சுற்றிய மூன்று காலனிகள். சேரிப் பையன் இளவரசனும் வன்னியர் வீட்டுப் பெண் திவ்யாவும் கலியாணம் செய்துகொண்டார்கள். நவம்பர் 7 அன்று பெண்ணின் தகப்பனார் தற்கொலை செய்துகொள்ள, கூட்டம் காலனிக்குள் இறங்கியது. 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. 2013 ஜூலை 4 அன்று இளவரசன் தண்டவாளத்தோரம் பிணமாய்க் கிடந்தான். இதெல்லாம் எல்லாரும் படித்தது. நான் சொல்ல வருவது மரத்தைப் பற்றி. சில நாள் கழித்து அங்கே போனபோது நிலைக்கட்டையெல்லாம் நின்ற இடத்திலேயே கரியாகியிருந்தது. பீரோ கதவு வளைந்து கிடந்தது, கட்டில் கால் நாலும் கரிக்கட்டை. பெங்களூரிலும் திருப்பூரிலும் கூலி வேலை பார்த்துச் சேர்த்த சாமான் அது. பாலிஷ் வாடை போகாத புதுக் கட்டில். கொளுத்தினவனுக்குக் கண்ணை உறுத்தியது அந்தப் புதுசுதான். இதே மாவட்டத்தில் வாச்சாத்தியில் 1992 ஜூனில், சந்தனமரம் தேடுகிறோம் என்று போன அரசாங்கக் கும்பல் 18 பெண்களைச் சிதைத்ததோடு நிற்காமல் மலைமக்களின் சட்டிபானையையும் உடைத்துப் போட்டதே, அதையும் இங்கே சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். தீர்ப்பு வர 2011 ஆனது, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்ய 2023.

எங்களுக்கு எதையும் பழசாக விடுவதில்லை. பிறகு பழசு எங்களிடமே ஆர்டராக வருகிறது.

இதனால்தான் எங்கள் சனம் பளபளப்பை விரும்புகிறது என்று நினைக்கிறேன். சன்மைக்கா மேசை, வெள்ளை டைல்ஸ், பாலிதீன் உறை பிரிக்காத சோபா. படித்த தோழர்கள் சிலர் இதை நுகர்வுக் கலாச்சாரம் என்று திட்டுகிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலி வந்த பிறகுதான் பல ஊரில் எங்களைத் தரையில் உட்காரச் சொல்வது கொஞ்சம் கஷ்டமானது என்பது அவர்கள் கண்ணில் படவில்லை. கோட்டு சூட்டுப் போட்ட அம்பேத்கரைத்தான் எங்கள் வீட்டில் மாட்டினோம், அரைவேட்டிக்காரரை இல்லை. கந்தலை வேண்டித் தேர்ந்தெடுக்கிற வசதி, புதுசு கட்டிச் சலித்தவனுக்கு மட்டும் உண்டு.

என்னோடு வேலை பார்க்கிற சித்தப்பா மகன் இதை ஒத்துக்கொள்ள மாட்டான். “ண்ணா, அவன் காசு குடுக்கிறான், நாம கருக்கிறோம். மரம் என்ன நத்தத்துல எரிஞ்ச மரமா? எல்லாத்தையும் இழுத்து முடிச்சுப் போட்டா பொழப்பு நடக்காது. தீயே வேணாம்னா டீ எப்படிப் போடுவ?” அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தீக்கு நினைவு கிடையாது. வாடிக்கையாளர் நத்தத்தைக் கேலி செய்யவில்லை, நத்தம் என்ற ஒன்று அவர் நினைப்பிலேயே இல்லை. தெரியாமல் கேட்டவரைக் குற்றவாளி ஆக்க முடியுமா? ஆனால் இந்த மாவட்டத்திலிருந்து போன ஒருவருக்கு அது தெரியாமலே இருக்கிற வசதி எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

நான் செய்தது இதுதான். போன் போட்டு, “சார், இந்த மரத்துக்கு எரிப்பு எடுக்காது. தேக்குலயோ பைன்லயோ ரேகை எழும்பும், மாவுல வெறும் கருப்பாத்தான் நிக்கும்” என்றேன். “அப்படியா, சரி விடுங்க, காலுக்கும் அதே கலர் போட்டுடுங்க” என்றார்.

நான் சொன்னதில் பாதி உண்மை. மாவில் ரேகை அவ்வளவாய் எழாதுதான். ஆனால் நினைத்தால் செய்திருக்கலாம். நாலு நாளாய்ப் பொய் மேசை, நிஜ மேசை என்று மண்டையை உடைத்துக்கொண்டவன், வாயால் ஒரு நிஜம் சொல்ல வேண்டிய நேரத்தில் மரத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டேன். ‘என்னால் முடியாது சார், நான் நத்தம் பார்த்தவன்’ என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அடுத்த வேலை போய்விடுமோ என்ற பயம். அதைவிட, சொன்னால் அவர் ‘ஐயோ பாவம்’ என்பாரே என்ற கூச்சம். நத்தத்துக்காரர்களின் நஷ்டத்தை என் வேலைக் கணக்கில் காட்டலாமா என்றும் ஒரு உறுத்தல். மூன்றில் எது நிஜக் காரணம் என்று இன்னும் பிடிபடவில்லை. “சொல்லியிருக்கலாம்ல?” என்று தம்பியே கேட்டான், எரிக்கலாம் என்று வாதாடின அவனே. பதில் சொல்லவில்லை.

செவ்வாய்ச் சந்தை நாளாய்ப் பார்த்து வண்டியோடு வந்தார்கள், ரோடு முழுக்க நெரிசல். மேசையைத் தூக்க ஆறு ஆள் வேண்டியிருந்தது. ஏற்றுவதற்கு முன் அவர் ஓரத்தை ஒருமுறை கையால் நீவிப் பார்த்தார்.

“எத்தனை கை பட்ட மாதிரி இருக்கு!”

“மூணு பேர் கை சார்” என்றேன். ஆசாரி, தம்பி, நான். அவர் சிரித்துக்கொண்டே மீதிப் பணத்தை எண்ண ஆரம்பித்தார். காடி பட்ட என் விரல் நகங்கள் கருத்திருந்தன, பணத்தை வாங்கும்போது இடது கையைப் பின்னால் வைத்துக்கொண்டேன்.